பார்லி வைன் பாதியில் நின்றுவிட்டதா?

கேள்வி: பிரிட்டனில் இருக்கிறேன். வீட்டில் 10 லிட்டர் பார்லி வைன் போட்டேன். தொடக்க அடர்த்தி 1.100 (தண்ணீர் 1.000). ஒரு வாரமாக ரிஃப்ராக்டோமீட்டர் 13 பிரிக்ஸிலேயே (சர்க்கரை அளவின் அலகு) நிற்கிறது. நொதித்தல் பாதியில் நின்றுவிட்டதா? இதற்குச் சரியான செய்முறை என்ன?

பதில்: எதையும் சேர்ப்பதற்கு முன், திரவத்தில் மிதந்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் உங்கள் ஏல் (பார்லி வைனும் ஏல் என்ற பீர் வகைதான்) நின்றிருக்காது, முடிந்தே போயிருக்கும். ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துச் சர்க்கரையைச் சொல்கிறது. ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும் என்பதால், நொதித்தல் தொடங்கிய பிறகு அதன் கணக்கு தப்பு. 13 பிரிக்ஸை அப்படியே மாற்றினால் 1.052 வரும், ஹைட்ரோமீட்டரோ 1.026 பக்கம் காட்டும். அப்படிக் காட்டினால் ஆல்கஹால் சுமார் 9.7 சதவீதம். இந்த வகைக்கு அது நல்ல முடிவு. அளக்கும்முன் சாம்பிளைக் குலுக்கி வாயுவை வெளியேற்றிவிடுங்கள், குமிழி ஒட்டினால் மீட்டர் மேலே தூக்கும்.

பெயரில் வைன் இருந்தாலும் இதில் திராட்சை கிடையாது. 8 முதல் 12 சதவீதம் வரை ஏறும் இங்கிலாந்து ஏல் இது. பர்ட்டன் என்ற இங்கிலாந்து ஊரில் பாஸ் ஆலை காய்ச்சிய பாஸ் நம்பர் 1 பழைய உதாரணம். உலர்திராட்சை, டாஃபி, ரொட்டியின் கருகிய ஓரம் மாதிரி மணம். இனிப்பு தூக்கல், நுரை குறைவு. 1975இல் ஆங்கர் ஆலை முதலில் காய்ச்சிய ஓல்ட் ஃபாக்ஹார்ன், அதன்பின் சியரா நெவாடா ஆலையின் பிக்ஃபுட் என அமெரிக்கர்கள் இதே வகையில் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை அள்ளிப்போட்டார்கள். அது தனி ருசி. கீழே சொல்வது இங்கிலாந்து முறை.

10 லிட்டருக்கு மாரிஸ் ஆட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 5 கிலோ, டாஃபி ருசி தரும் கிரிஸ்டல் மால்ட் 200 கிராம். 13 லிட்டர் வெந்நீரில் கலந்து, கலவை 65 டிகிரியில் நிற்கும்படி ஒன்றரை மணி நேரம் ஊறட்டும். 69, 70க்குப் போனால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கூடி, 1.035இலேயே முடிந்து பாகுபோலத் திகட்டும். வடித்தபின் 6 லிட்டர் 75 டிகிரி வெந்நீர் ஊற்றி அலசினால் 14 லிட்டர் கிடைக்கும். இரண்டு மணி நேரம் கொதித்துச் சுண்டி அது 10 லிட்டராகும். நிறமும் டாஃபி ருசியும் இந்தக் கொதியிலும் ஏறுகின்றன. கருநிற மால்ட்டைக் கொட்டி நிறம் ஏற்றுவது வீண் வேலை.

ஹாப்ஸ்: ஈஸ்ட் கென்ட் (East Kent) கோல்டிங்ஸ் என்ற வகை, 5 சதவீத ஆல்ஃபா (கசப்பு தரும் அமிலம்) என்றால் 65 கிராம், கடைசி 90 நிமிடக் கொதியில். சாதாரண ஏலின் கணக்கில் போட்டால் கசப்பு போதாது. இவ்வளவு அடர்ந்த சாற்றில் கசப்பு இறங்குவது மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறையும்.

உண்மையிலேயே நொதித்தல் நிற்கிறது என்றால் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஈஸ்ட்தான். இந்த அளவுக்கு 11 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. திரவ ஈஸ்ட் என்றால் ஸ்டார்ட்டர் (கொஞ்சம் மால்ட் சாற்றில் ஈஸ்ட்டை முன்கூட்டியே பெருக்குவது) கட்டாயம், ஆக்சிஜனும் நன்றாக ஏற்ற வேண்டும். வெறும் குலுக்கலில் தேவையான அளவு கரையாது. 18 டிகிரியில் தொடங்கி முதல் மூன்று நாள் அங்கேயே பிடித்துவைத்து, பிறகு 20, 21க்கு ஏற்றுங்கள். தொடக்கத்திலேயே 24, 25 போய்விட்டால் தொண்டையில் எரியும் கனமான ஆல்கஹால்கள் உருவாகும். வருடக்கணக்கில் வைத்தாலும் அந்தக் காரம் முழுசாகப் போகாது. மாறாக, நொதித்தல் தணியும்போது அறை குளிர்ந்தால் ஈஸ்ட் அடியில் படிந்து தூங்கிவிடும்.

ஹைட்ரோமீட்டரும் 1.045 என்று காட்டினால், பாத்திரத்தை 21 டிகிரிக்குக் கொண்டுவந்து, படிந்த ஈஸ்ட்டைக் காற்று புகாமல் மெல்லச் சுழற்றிக் கிளப்புங்கள். ஐந்து நாளில் அசையாவிட்டால் புது ஈஸ்ட். ஆனால் உலர் ஈஸ்ட்டை மேலே தூவினால் 7 சதவீத ஆல்கஹாலில் விழுந்ததும் பெரும்பகுதி செத்துவிடும். அரை லிட்டர் ஸ்டார்ட்டரில் வளர்த்து, நுரை பொங்கும் நேரத்தில் ஊற்றுங்கள். இந்தக் கட்டத்தில் ஆக்சிஜன் ஏற்றவே கூடாது.

பாட்டிலில் அடைப்பது இரண்டு வாரம் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மட்டும். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும். மூன்று நான்கு மாதம் முதிரவைத்து அடைக்கிறீர்கள் என்றால் பழைய ஈஸ்ட் சோர்ந்திருக்கும். ஒரு கிராம் புது ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, 40 கிராம் சர்க்கரையோடு சேருங்கள். அதற்குமேல் வாயு இந்த ஏலுக்கு வேண்டாம். 12 டிகிரி பக்கம், இருட்டில், நிமிர்த்தி வையுங்கள். ஆறு மாதத்துக்குள் திறந்தால் சூடும் கசப்பும் தனித்தனியாகத் தெரியும். வருடம் ஏற ஏறக் கசப்பு தணிந்து ஷெர்ரி மணம் வரும். ஈர அட்டை வாடை அடித்தால் அடைக்கும்போது காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

வடித்த மால்ட்டை உடனே கொட்டிவிடாதீர்கள். இன்னும் 8 லிட்டர் வெந்நீர் ஊற்றி வடித்தால் லேசான ஏல் ஒன்றுக்குச் சாறு தேறும். பழைய இங்கிலாந்து ஆலைகளில் ஒரே மால்ட்டிலிருந்து இப்படித்தான் கனமானதும் மெல்லியதும் இறக்கினார்கள்.