போக வர ஆகும் நேரத்துக்குக் கட்டணம் கேட்கலாமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் அழைப்புகள் வருகின்றன. அண்மையில் ஒரு தோட்ட அலுவலகத்தில், என் பில்லில் இருந்த 'போக்குவரத்து' என்ற வரியைக் கிராணி (அலுவலக எழுத்தர்) பேனாவால் அடித்துவிட்டு, மீதித் தொகைக்கு மட்டும் காசோலை கொடுத்தார். பயண நேரத்துக்கும் செலவுக்கும் பணம் கேட்பது முறைதானா? எப்படிக் கணக்கிடுவது?

பதில்: முறைதான். செம்மண் சாலையில் வண்டி ஓட்டும் நேரத்தில் வேறொரு பம்பைக் கழற்ற முடியாதே. ஆயினும் முழுப் பழியையும் கிராணியின் தலையில் போட முடியாது. மேனேஜர் ஒப்புக்கொண்ட கொட்டேஷனில் இல்லாத வரி பில்லில் வந்தால், தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியவர் கிராணிதான். ஆகவே, புறப்படுவதற்கு முன்பே தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வீடுகளுக்குப் போகும்போது இது இன்னும் அவசியம்: விலை பேசப்படாத சேவைக்கு நியாயமான தொகைக்கு மேல் பயனீட்டாளர் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம்.

நேரத்தையும் வண்டிச் செலவையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். உங்கள் கூலி மணிக்கு 60 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பயணத்துக்கு அதில் பாதியைப் போட்டால், போக வர ஒன்றரை மணி நேரத்துக்கு 45 ரிங்கிட். கிலோமீட்டருக்கு 80 சென் வீதம் 50 கிலோமீட்டருக்கு 40 ரிங்கிட். ஆக 85 ரிங்கிட். அந்த 80 சென்னிலேயே டீசல், டயர், சர்வீஸ், காப்புறுதி எல்லாம் அடங்கிவிடுவதால், டீசல் ரசீதையும் சேர்த்து இணைத்தால் ஒரே செலவை இருமுறை வாங்கியதாகும். டோலுக்குக் கட்டிய தொகை மட்டும் அப்படியே பில்லில் வரட்டும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அதற்கு முன் வகுத்த வீதத்தை இன்னும் திருத்தாமல் வைத்திருந்தால் நட்டம் உங்களுக்கே.

ஊருக்குள் கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். ஒரே அழைப்புக் கட்டணம் போதும்.

ஒரே பயணத்தில் இரண்டு தோட்டங்களுக்குப் போனால் பயணச் செலவைப் பிரித்துப் போடுங்கள். இருவரிடமும் முழுத் தொகை வாங்கினால் வெளியே தெரியாமல் போகாது, ஏனெனில் இரண்டு கிராணிகளும் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். பம்பின் மாடலை அவர்கள் சரியாகச் சொல்லியும் நீங்கள் சாமான் எடுத்துப் போகாததால் மறுபடி வர நேர்ந்தால், அந்தப் பயணம் உங்கள் செலவு. அவர்கள் தவறாகச் சொல்லியிருந்தால் அவர்கள் செலவு. காவல் சாவடியில் அனுமதிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் முதல் கால் மணியை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'நம்ம ஆள்தானே' என்று கேட்பவருக்குக் கூலியில் குறையுங்கள், பயணத்தில் குறைக்காதீர்கள். எண்ணெய் நிலையத்தில் யாரும் உங்களுக்கு அப்படிக் குறைப்பதில்லை.

அடிக்கப்பட்ட வரிக்காக இப்போது சண்டைக்குப் போக வேண்டாம். பயணக் கட்டண விவரத்தைத் தனித்தாளில் தயாரித்து மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, அதன் நகல் ஒன்றைக் கிராணியின் கோப்பிலும் வைக்கச் சொல்லுங்கள்.