பிக் கன்ட்ரியின் 'தி கிராசிங்' மறுவெளியீட்டை வாங்கலாமா?

பத்துப் பாட்டும் கைபேசியிலேயே கிடைக்கும்போது, பிக் கன்ட்ரி என்ற ராக் குழுவின் 1983 ஆல்பமான 'தி கிராசிங்'கின் மறுவெளியீட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உயிரான ஆல்பம் இது. என் பதில்: தாராளமாக வாங்கலாம்.

முதலில் அந்தச் சத்தம். 'இன் எ பிக் கன்ட்ரி' தொடங்கும்போது டிரம்ஸ் இடி மாதிரி இறங்கும், அப்புறம் குழுவின் பாடகர் ஸ்டூவர்ட் ஆடம்சன் 'ஷா!' என்று ஒரு கத்து கத்துவார். அடுத்து வருவதை பேக்பைப் என்றுதான் நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை. ஆடம்சனும் புரூஸ் வாட்சனும் வாசிக்கும் இரண்டு கிடார்கள் அவை. சுருதியை மாற்றித் தரும் ஓர் எஃபெக்ட் பெட்டி, கூடவே ஈ-போ என்கிற கைக்கடக்கமான கருவி. அதைக் கம்பிக்கு மேல் பிடித்தால் போதும், மீட்டாமலே காந்த விசையில் கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒத்து ஊதுவது போல ஒரே சுரம் அறாமல் நிற்கும். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் இரண்டு கிடாரும் ஒன்றையொன்று தழுவிப் போவது தெரியும்.

குழு உருவானது ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லின் ஊரில். வாட்சன் அதற்கு முன் ரோசைத் கப்பல் தளத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கழுவிக்கொண்டிருந்தவர். அந்த உழைப்பாளிக் குரல் ஆல்பம் முழுக்க இருக்கிறது. 'ஹார்வெஸ்ட் ஹோம்' 1982-லேயே தனிப்பாட்டாக வந்து கவனிப்பாரில்லாமல் போனது. அதையே ஸ்டீவ் லில்லிவைட் தயாரிப்பில் மறுபடி பதிவு செய்து ஆல்பத்தில் வைத்தார்கள். பிரிட்டனில் ஆல்பம் மூன்றாம் இடம் வரை ஏறியது.

சரி, மறுவெளியீட்டில் என்ன கூடுதல்? 'தி கிராசிங்' என்ற பாட்டு 1983 இசைத்தட்டில் கிடையாது! ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாட்டே வெளியில் நின்றது. 1996 மறுவெளியீட்டில்தான் அது ஆல்பத்தோடு சேர்ந்தது. முதல் தடவை அதைக் கேட்டபோது, வீட்டுக்கு மூத்த பிள்ளை திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. 2012-ல் வந்த இரட்டைக் குறுவட்டில் டெமோக்களும் உண்டு. மெருகேறும் முன்னரே மெட்டு எவ்வளவு திடமாக நின்றிருக்கிறது என்பதை அவற்றில் கேட்கலாம். ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் 2012 பதிப்பையே எடுங்கள்.

ஆடம்சன் 2001 டிசம்பரில், 43 வயதில் இறந்துபோனார். அதன் பிறகு 'சான்ஸ்' பாட்டைக் கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

வாங்கினால் ஒன்று செய்யுங்கள். பத்தாவது பாட்டு 'போரோமேன்' முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். 1983-ல் ஆல்பம் முடிந்த இடம் அதுதான். கூடுதல் பாட்டுகளை மறுநாள் தனியாகக் கேளுங்கள்.