மூளையும் இயந்திரமும்: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏற்காடு வாசகர்: சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறிய என் தம்பி, ஏணியிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கிடக்கிறான். மூளையில் சிப் வைத்தால் நடப்பானா?

கையை நீட்ட உங்கள் தம்பி முயலும்போதெல்லாம் அவர் மூளையின் இயக்கப் பகுதி இன்றும் கட்டளை இட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கெட்டுப்போனது, அக்கட்டளை கழுத்தைக் கடந்து இறங்கும் வழி. அக்கட்டளையை மூளையிலேயே மின்முனைகளால் (மின் சமிக்ஞையை உணரும் நுண்கம்பிகளால்) பதிவுசெய்து கணினிக்கு அனுப்புவதுதான் இத்தொழில்நுட்பம். 2012இல் வெளியான, பிரெய்ன்கேட் என்னும் அமெரிக்க ஆய்வுக் குழுவின் ஆய்வில், ஏறத்தாழ 15 ஆண்டுகளாகக் கைகால் செயலிழந்திருந்த பெண்மணி ஒருவர், இயந்திரக் கையைத் தம் எண்ணத்தால் நகர்த்திக் காப்பி பருகினார். நடையைப் பொறுத்தவரை, 2023இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வுக் குழு ஒருவரின் மூளையையும் தண்டுவடத்தையும் கம்பியில்லாமல் இணைத்து, ஊன்றுகோலுடன் அவரை நடக்க வைத்தது. ஆனால் அவருடைய தண்டுவடம் முற்றிலும் அறுபட்டிருக்கவில்லை. தம்பியின் காயம் முழுமையானதா, பகுதியளவா என்று மருத்துவரிடம் கேட்டு அறியுங்கள். இக்கருவிகள் பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே இருப்பதால், அவற்றுக்காகக் காத்திராமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வையுங்கள். விரல் மூட்டுகளை நாள்தோறும் நீட்டி மடக்குங்கள். படுக்கைப்புண்ணும் இறுகிய மூட்டும் வந்த பிறகு எந்தச் சிகிச்சையும் கடினமாகிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகி: கொலுசுப் பட்டறை நடத்திய அப்பாவுக்குப் பக்கவாதத்தால் பேச்சு போய்விட்டது. கருவி அவருக்காகப் பேசுமா?

2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, பேச்சிழந்த ஒரு பெண்ணின் மூளையிலிருந்து நிமிடத்துக்கு 62 சொற்களையும், சான் பிரான்சிஸ்கோ குழு இன்னொரு பெண்ணின் மூளையிலிருந்து 78 சொற்களையும் பெற்றன. அந்த இரு பெண்களுக்கும் மொழி குலையவில்லை. நாவையும் உதட்டையும் அசைக்கும் ஆற்றல்தான் போயிருந்தது. பக்கவாதத்தில் மூளையின் மொழிப் பகுதி சேதமுற்று மொழியே குலைந்தால், அதை அஃபேசியா என்கிறோம். சொல்லே உருவாகாத இடத்தில் கருவி எதைப் படிக்கும்? எனவே முதலில் வீட்டிலேயே ஒன்றைக் கவனியுங்கள். கொலுசையும் சாவியையும் முன்னே வைத்து, கையால் காட்டாமல் வாய்மொழியாக மட்டும் "கொலுசை எடுங்கள் அப்பா" என்று சொல்லிப் பாருங்கள். சரியாக எடுத்தால் புரிதல் ஓரளவு இருக்கிறது. தடுமாறினாலும் மனம் தளர வேண்டாம். எதுவாயினும் பேச்சுப் பயிற்சியாளரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள்; படப் பலகையைக் காட்டி உரையாடப் பழகுவதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை.

ஓமலூர் மாணவர்: நினைவாற்றலைக் கூட்டுவதாக இணையத்தில் விற்கும் தலைப்பட்டையை வாங்கலாமா?

வேண்டாம். மண்டையோட்டுக்கு வெளியே அப்பட்டைக்குக் கிடைக்கும் மூளை அலை மிகவும் மங்கலானது. அதை அளப்பதாலேயே மதிப்பெண் உயர்ந்துவிடாது.

ஆத்தூர் வாசகர்: மனத்தில் மறைத்து வைத்திருப்பதையும் இயந்திரம் படித்துவிடுமா?

பெரும்பாலான கருவிகள், ஒருவர் பேச முயல்வதையே படிக்கின்றன. ஆனால் 2025இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு, மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்களையும் ஓரளவு பிடிக்க முடிந்ததைக் காட்டியதால், உங்கள் அச்சம் நியாயமானதே. மனத்துக்குள் ஒரு கடவுச்சொல்லை நினைத்தால் மட்டுமே கருவி கேட்கத் தொடங்கும் ஏற்பாட்டையும் அக்குழுவே சோதித்திருக்கிறது. சிலி நாடு 2021இலேயே தன் அரசியலமைப்பில் மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து பெறும் தகவலுக்கும் பாதுகாப்பு அளித்தது.