மெடூசாவை எந்தப் பக்கத்தில் காட்டுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸ், பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவின் தலையை வெட்டும் கதையைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்காக 32 பக்க காமிக்ஸாகச் செய்துகொண்டிருக்கிறேன். படம் நண்பருடையது. பென்சில் பக்கங்களைப் படித்த பிள்ளைகள் பத்தாம் பக்கத்துக்குள் சலித்துப்போகிறார்கள். மெடூசாவைக் கொல்லும் இடமும் சப்பென்று இருக்கிறது. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும், மெடூசாவுக்கு நேர்ந்த பலாத்காரத்தை எழுத மனமில்லாமல், அழகில் கர்வம் கொண்டதால் தேவி அதீனா அவளைச் சபித்தாள் என்று மாற்றியிருக்கிறேன். சரிதானா? பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

மெடூசாவின் முகம் அட்டையில் இருக்கிறது, 3-ஆம் பக்கத்தில் இருக்கிறது, 11-இலும் இருக்கிறது. பார்த்தால் கல்லாகிவிடுவோம் என்கிற கதையில் வாசகன் மூன்று தடவை பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். 18-இல் அவள் தலை விழும்போது பிறகு என்ன பயம் வரும்?

பழைய கிரேக்கப் பானை ஓவியங்களில் முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருக்கும். கோர்கன் (மெடூசாவும் அவள் சகோதரிகளும் சேர்ந்த அரக்கியர் இனம்) மட்டும் நேராக நம்மை முறைப்பாள். கோர்ஃபு தீவில் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில் இருந்த சிற்பமும் (சுமார் கி.மு. 580) அப்படித்தான்: ஓடுகிற கால்கள், இடுப்பில் பாம்புக் கச்சை, முகம் மட்டும் நம் பக்கம். அந்த நேர்ப்பார்வையை உங்கள் புத்தகத்தில் ஒரே ஒரு முறை செலவழியுங்கள், தலையைக் கேட்டனுப்பிய அரசன் பாலிடெக்டிஸின் அவையில் பெர்சியஸ் தலையைத் தூக்கிக் காட்டும்போது. அதுவரை நிழல், முதுகு, கல்லாய் நிற்கும் மனிதர்கள், கேடயத்தில் தெரியும் ஒரு துண்டு, இவை போதும்.

அந்தக் கட்டத்தை 27-இல் வைத்திருக்கிறீர்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் வரும். 26-ஐப் படிக்கிற பிள்ளையின் ஓரக்கண் 27-ஐ முன்கூட்டியே பார்த்துவிடும். 28-க்குத் தள்ளுங்கள், தாளைப் புரட்டினால்தான் தெரிய வேண்டும்.

கேடயக் காட்சி நடக்காத காரியம். பெர்சியஸ் மெடூசாவைப் பார்த்து நிற்கிறான், கேடயத்தின் முகமும் அவள் பக்கமே. அப்படிப் பிடித்தால் அவனுக்குத் தெரிவது கேடயத்தின் உள்பக்கப் பட்டைதான். அவள் அவனுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும், கேடயத்தின் வெளிமுகம் அவனை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். முதலில் மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு வரைபடம் போடுங்கள்: அவன் கண், கேடயம், அவள் முகம். ஒளி விழும் கோணமும் திரும்பும் கோணமும் சமமாக வர வேண்டும். வெளிமுகம் குவிந்தது, உருவம் சிறுத்து, ஓரங்கள் வளைந்து, இடம் வலம் மாறித் தெரியும். ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகைப் பார்த்து வரையச் சொல்லுங்கள்.

சலிப்புக்குக் காரணம், தாத்தா அக்ரிசியஸ், பேரன் கையால் அவருக்குச் சாவு என்ற குறிவாக்கு, தாயையும் குழந்தையையும் அடைத்த பெட்டி, கடல் என்று பிறப்பிலிருந்து வரிசையாகப் போவது. பாலிடெக்டிஸின் விருந்தில் தொடங்குங்கள். அரசன் எல்லாரிடமும் பரிசாகக் குதிரை கேட்கிறான். கோர்கனின் தலையைக் கேட்டாலும் தருவேன் என்று பையன் வாய்விடுகிறான். அதையே கொண்டுவா என்கிறான் அரசன். 4 பக்கம் தாராளம். முன்கதை 2 பக்கத்தில் அடங்கும். பெர்சியஸின் தாய் டானேயை அடைத்த வெண்கல அறை, கூரை வழியே பொன் ஒளி, அடுத்த கட்டத்தில் குழந்தை. தேவராஜன் ஜீயஸின் மகன் என்று ஒரு வரி. பிள்ளைகள் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

கர்வக் கதை உங்கள் கற்பனை அல்ல. அழகில் தேவியோடு போட்டியிட்டாள் என்று சிலர் சொல்வதாக அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்கப் புராணத் தொகுப்பிலேயே ஒரு குறிப்பு உண்டு. ஆனால் ஓவிட்டின் சம்பவத்தை மறைக்க அதைப் பூசினால் பாதிக்கப்பட்டவளே குற்றவாளி ஆகிவிடுகிறாள். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியாடிடம் போங்கள். அங்கே அவள் பிறவியிலேயே கோர்கன். மூன்று சகோதரிகளில் இவளுக்கு மட்டும் சாவு உண்டு. சாபமே தேவையில்லை. சம்பவ வரிசைக்கு அப்பொல்லோடோரஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அரிவாள், கேடயம், பறக்கும் காலணி, பாதாள தேவன் ஹேடிஸின் குல்லா (போட்டவரை மறைக்கும்), பை ஆகிய ஐந்தும் பயன்படுவதற்கு முன் ஒவ்வொரு முறை தனிக் கட்டத்தில் தெரிய வேண்டும். குல்லாவை எல்லாரும் வீணடிக்கிறார்கள். அதன் வேலை கொலைக்குப் பிறகுதான்: விழித்தெழுந்த இரு சகோதரிகளும் துரத்துகிறார்கள், அவன் கண்ணில் படவில்லை. அங்கே பெர்சியஸை வெறும் கோட்டுருவமாக வரையுங்கள், வண்ணம் வேண்டாம்.

ஒரு பேச்சு பலூனுக்கு 12 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். தமிழ்ச் சொல் நீளம். எழுத்துகளின் மேல்விலங்கும் (கி) கீழ்விலங்கும் (பு) மோதாமலிருக்க வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். மை போடுவதற்கு முன்பே எழுத்தைப் பொருத்திப் பாருங்கள், இல்லையென்றால் நண்பர் வரைந்த தலைகள் பலூனுக்கு அடியில் போகும்.

லாரிசா விளையாட்டில் பெர்சியஸ் எறியும் வட்டு தாத்தா அக்ரிசியஸின் காலில் பட்டு அவர் இறப்பதை வெட்டியிருக்கிறீர்கள். பேரன் கையால் சாவு என்ற குறிவாக்கை முன்கதையில் சொல்லிவிட்டு இதை விட்டால் ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். விருந்திலும் முன்கதையிலும் மிச்சப்பட்ட பக்கங்களில் இரண்டை இதற்குக் கொடுங்கள்.