வால்நட்சத்திரம் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்ற கணிப்பு ஏன் அடிக்கடி பொய்த்துப்போகிறது?

வால்நட்சத்திரம் என்பது பனியும் தூசியும் சேர்ந்த ஒரு கட்டி, பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலம்தான். சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி தூசியையும் கிளப்பிக்கொண்டு வெளியேறுகிறது. நமக்குத் தெரிகிற ஒளியெல்லாம் அந்த வாயுவும் தூசியும்தான். பாதையைத் துல்லியமாகக் கணக்கிடலாம், அது ஈர்ப்புவிசைக் கணக்கு. ஆனால் உள்ளே எவ்வளவு பனி மிச்சம், எப்போது பீறிட்டுக் கிளம்பும் என்பதை இங்கிருந்து எப்படிச் சொல்வது? தீபாவளிப் புஸ்வாணம் மாதிரிதான், ஒரே பெட்டியில் எடுத்தாலும் ஒன்று ஆளுயரம் எழும்பும், இன்னொன்று புஸ்ஸென்று அடங்கிவிடும். 1973-இல் கொஹூடெக் என்ற வால்நட்சத்திரம் எதிர்பார்த்த அளவு ஒளிராமல் ஏமாற்றியது, 2013-இல் ஐசான் சூரியனை உரசிப் போனபோது சிதறியே போனது. ஆனால் 2007-இல் யாரும் கண்டுகொள்ளாத ஹோம்ஸ் இரண்டு நாளுக்குள் பல லட்சம் மடங்கு பிரகாசமானது.

செய்தியில் போடுகிற ஒளிர்வு எண்ணையும் (குறையக் குறையப் பிரகாசம்) அப்படியே நம்ப வேண்டாம். அது மொத்த ஒளிக்கானது, நட்சத்திரத்தில் அது ஒரே புள்ளியில் குவியும், வால்நட்சத்திரத்தில் பரவிக் கிடக்கும். அதனால் 4 என்று போட்டிருந்தாலும் மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலைய விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. அழகர்கோவில் பக்கம் இருட்டான இடமாகப் பார்த்து பைனாகுலரோடு போங்கள்.

அப்புறம், அது எரிநட்சத்திரம் போல சர்ரென்று பாய்ந்து மறையாது. பார்க்கும்போது அசையாமல் நிற்பது போலத்தான் இருக்கும், நாளுக்கு நாள்தான் இடம் மாறியது தெரியும்.