பழைய ஓட்டு வீட்டைச் சீர் செய்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

இருப்பதை வீணாக்காமல், எளிமையாக, பழைய சின்ன வீட்டைப் புதுப்பிக்க நினைக்கிறவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஓட்டு வீடு மாமனார் கட்டியது. புதுப்பிக்க வந்த ஒப்பந்ததாரர், "எல்லாம் உளுத்த மரம், விறகுக்குத்தான் ஆகும்" என்று நான்கு கதவுகளை நிலையோடு கழற்றி எடுத்துக்கொண்டார். கணக்கில் 8,000 ரூபாய் மட்டும் கழித்தார். போன வாரம் ஒரு பழைய சாமான் கடையில் எங்கள் வாசல் கதவு பாலிஷ் போட்டு நிற்கிறது. விலை 65,000 என்கிறார்கள். நான் தனியாக இருக்கிறேன். என்ன செய்வது? (வாசகி, கும்பகோணம் அருகே)

பதில்: அம்மா, வீட்டு வேலைக்கு நம்பி உள்ளே விட்ட ஆள் சொல்வதை யாரும் நம்பத்தான் செய்வார்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கதவு விற்றுப் போவதற்குள் போய் ஃபோட்டோ எடுங்கள். முழுக் கதவு மட்டும் போதாது. தாழ்ப்பாள் இருந்த குழி, பித்தளைக் குமிழ் உதிர்ந்த இடம், மஞ்சள் குங்குமம் வைத்து வைத்துக் கறுத்த பகுதி என்று உங்கள் கதவுக்கே உரிய அடையாளங்களைக் கிட்டத்தில் எடுங்கள். வீட்டில் நடந்த கல்யாணம், வளைகாப்புப் படங்களில் அந்தக் கதவு எங்காவது பின்னால் நிற்கும். தேடிப் பாருங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்புறம் ஒப்பந்ததாரருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம்: 15 நாளுக்குள் கதவுகள் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் உரிய விலை வர வேண்டும். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் வேலையும் சேவைதான். நீங்கள் அவருக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வழி கேட்க 1915க்குப் பேசலாம். பொய் சொல்லி எடுத்துப் போயிருப்பதால் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டார் யாரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள்.

மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். மரம் உளுத்ததா என்று பார்க்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். உளுத்த மரம் என்றால், அடிப்பகுதியில் குத்தி அழுத்தும்போது முனை பொதுக்கென்று இறங்கும். இறங்காமல் மேலே மட்டும் கறுத்திருந்தால் அது வெறும் அழுக்கு. இடிப்புச் சாமான் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் யாரையும் கடப்பாரை எடுக்க விடாதீர்கள்.

கேள்வி: சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளிக்கிறது. பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு முறை அடித்தாகிவிட்டது. எந்த கம்பெனி பெயிண்ட் நல்லது? (வாசகர், திருவையாறு)

பதில்: எந்த கம்பெனியும் வேண்டாம். இதைப் பல வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன்.

உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், அல்லது செங்கல்லும் மண்ணும். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக் காயும். சுவர் மூச்சு விடுகிறது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். அதன் மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் படலம் மாதிரி பெயிண்டும் அடித்தால் ஈரம் எங்கே போகும்? உள்ளேயே நிற்கும், இன்னும் மேலே ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு பெயிண்டுக்குப் பின்னால் பூத்து, அதைத் தள்ளித் தள்ளி உரிக்கும். உரிந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், வெள்ளையாக மாவு ஒட்டும். அதற்கு மேல் மறுபடி பெயிண்ட் விற்கிறார்கள். உத்தரவாத அட்டை கொடுத்திருந்தால் பொடி எழுத்தைப் படியுங்கள், தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நோய் எது என்று பார்க்காமல் மருந்து விற்பது எனக்கு ஆறாத கோபம்.

முதலில் ஒரு சோதனை. இரண்டடிச் சதுரத்தில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறையில்தான் ஈரம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சுவரிலிருந்துதான் என்றால் ஈரம் வரும் வழியைப் பாருங்கள். ஓட்டுத் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா? குளியலறைத் தண்ணீர் அங்கே நிற்கிறதா? தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு உங்கள் தரையைவிட வாசல் உயர்ந்துவிட்டதா? அதைச் சரி செய்யுங்கள். ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் ஓரடி வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, மழைக்காலம் இல்லாத மாதங்களில் காயவிடுங்கள். அப்புறம் ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் வைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். தொழில் தெரிந்த கொத்தனார் கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் சேர்ப்பார். சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படுத்தாதீர்கள். சுண்ணாம்பு நீற்றும்போது குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து.

கேள்வி: 'ஈகோ' மாடுலர் கிச்சன், எட்டு அடிக்கு 1.4 லட்சம் சொல்கிறார்கள். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை). வாங்கலாமா? (வாசகி, தென்காசி)

பதில்: வேண்டாம். நானும் ஒரு முறை வாங்கினேன். முதல் ஐப்பசி மழையிலேயே தொட்டிக்கு அடியில் இருந்த பலகையின் விளிம்பு, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பியது. கீல் திருகு கையோடு வந்தது. கொடுத்த பணம் போனது போனதுதான்.

செங்கல் தாங்கல் கட்டி, கடப்பா பலகை வைத்து, முன்னால் கதவு மட்டும் போடுங்கள். செலவு குறையும், தண்ணீர் ஒன்றும் செய்யாது. கதவுக்கு பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) கேளுங்கள். வெறும் '710' என்று அச்சடித்திருப்பது போதாது. ஐஎஸ்ஐ முத்திரையோடு உள்ள உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுப் பாருங்கள். 'ஈகோ' என்ற சொல்லுக்கு என்ன ஆதாரம் என்றும் கடையில் கேளுங்கள். பசுமை, இயற்கை, சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்றெல்லாம் விளம்பரம் செய்தால் ஆதாரம் தர வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது.

கேள்வி: மரக்கடையில் ஒரு கதவு நிலைக்கு 2.6 கன அடி என்று பில் போட்டார்கள். கன அடி 3,500 ரூபாய். 5க்கு 3 அங்குலச் சட்டம், பக்கம் 7 அடி, தலை 4 அடி, கீழ்ப்படி இல்லை. பணம் கட்டிவிட்டேன். கணக்கு சரியா? (வாசகர், மதுரை)

பதில்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி. அகலம் அங்குலத்தில், தடிமன் அங்குலத்தில், நீளம் அடியில், மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. உங்களுக்கு மொத்த நீளம் 18 அடி. 5 × 3 × 18 = 270. வகுத்தால் 1.875. இழைப்புக் கழிவு என்று எவ்வளவு சொன்னாலும் 2.6 வராது. 2,500 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். கையில் ஃபோன் இருக்கிறது, அதில் கால்குலேட்டர் இருக்கிறது. கடையில் நின்று ஒரு நிமிடம் பெருக்க முடியாதா? பில்லோடு திரும்பிப் போய், அளந்து காட்டி, மிச்சத்தைக் கேளுங்கள்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம் என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

பதில்: பில் இல்லாத பொருள் கெட்டால் உங்களுக்கு என்னால் எந்த வழியும் சொல்ல முடியாது. பில் வாங்குங்கள்.

கேள்வி: 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்று ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறதே? (வாசகி, சென்னை)

பதில்: ஒரு கல்லைக் கையில் வாங்கி விளிம்பைப் பாருங்கள். அசலில் மேலே சாயம் கலந்த சிமெண்ட் ஓர் அடுக்காகத் தெரியும், அடியில் மணலும் சிமெண்டும். கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்வதால்தான் அந்த வழவழப்பு. சூளையில் சுடுவதே இல்லை. உங்களுக்கு வருவது பெரும்பாலும் படம் அச்சடித்த செராமிக்காக இருக்கும். செராமிக் வாங்குவது தப்பில்லை, செராமிக் என்று தெரிந்து வாங்குங்கள். அசல் போட்டால் ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், அரித்துவிடும்.

கேள்வி: பழைய மர பெஞ்ச், அலமாரி வாங்கலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: வாங்கலாம். ஆனால் அடியில் கறுப்புத் துணி விரித்து, பலகையை நாலு தட்டு தட்டுங்கள். நான் ஒரு பெஞ்ச் வாங்கி வந்து வைத்தேன். மறுநாள் காலை நான்கு காலடியிலும் கோதுமை மாவு மாதிரி தூள் குவிந்திருந்தது. ஊசி நுனி ஓட்டைகளிலிருந்து தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கலாம் என்று அர்த்தம்.

கேள்வி: ஓட்டைப் பிரித்துவிட்டு ஷீட் போடச் சொல்கிறார் மேஸ்திரி. ஒழுகுவது இரண்டே இடத்தில்தான். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இரண்டு இடத்துக்காக முழுக் கூரையா? ஏணி வைத்து ஏறச் சொல்லி, உடைந்ததை எண்ணுங்கள். சீமை ஓடு (மங்களூர் ஓடு) என்றால் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 19ஆம் நூற்றாண்டில் ஆலை தொடங்கியதிலிருந்து பல ஆலைகள் வந்தன. ஓர் ஆலையின் ஓடு இன்னொன்றின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் போகலாம். அதனால் உடையாத ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு பழைய ஓட்டுக் கடைக்குப் போய், பொருத்திப் பார்த்து வாங்குங்கள். தேவைக்கு மேல் இருபது சேர்த்து வாங்கி வையுங்கள். அப்படியே இரண்டு கண்ணாடி ஓடும் வாங்கி அடுப்படிக்கு மேல் மாட்டுங்கள், பகலில் விளக்குப் போட வேண்டியிருக்காது.