முழு மயக்கத்தில் பிள்ளைக்குப் பற்சிகிச்சை: முதல் நாளே கவனிக்க வேண்டியவை

தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஐந்து வயது மகனின் பாற்பற்கள் பல சொத்தையாகிவிட்டன. விறைப்பு ஊசி போட அவன் வாயே திறக்காததால், முழு மயக்கத்தில் சிகிச்சை செய்யத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அவன் வலிப்புக்கு மருந்து எடுப்பவன். அன்று காலை ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றால் அந்த மருந்தை என்ன செய்வது, நிலாவெளிக் கடற்கரைக்குப் போகிறோம் என்று சொல்லி அவனைக் கூட்டி வரலாமா, பணம் கொடுத்தால் கொழும்பில் உடனே செய்விக்கலாம் என்று ஒருவர் சொல்வதை நம்பலாமா என்பன அவருடைய கேள்விகள்.

மயக்கம் ஏறியதும் இருமவும் விழுங்கவும் முடியாத நிலை வருவதால், வயிற்றில் இருப்பது மேலே வந்து சுவாசப்பைக்குள் இறங்கிவிடக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே சோறு, பாண், பிஸ்கட், மாப்பால், பசுப்பால் ஆகியவற்றைக் குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன்னரே நிறுத்திவிட வேண்டும். தண்ணீரையும் பால் சேர்க்காத பிளேன்டீயையும் பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன்வரை கொடுக்கலாம். பால்தேநீரும் தேநீர்தானே என்று நினைப்பவர்கள் ஏராளம். பால் கலந்தால் அது உணவுக் கணக்கில்தான் சேரும். பிள்ளை அழுகிறதே என்று அம்மம்மா விடியற்காலையில் ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்துவிடுவார். திகதி போய்விடும் என்ற பயத்தில் பெற்றோர் அதை மறைப்பார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். திகதியை இன்னொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வலிப்பு மருந்தோ வேறு கதை. ஒன்றும் கொடுக்கக் கூடாது என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அதையும் நிறுத்திவிட்டு வரும் பெற்றோர் உண்டு. வேளை தவறினால் அன்றைக்கே வலிப்பு வரலாம். வழமையான நேரத்தில், ஒரு வாய் தண்ணீருடன், அந்த மருந்தைக் கொடுப்பதே பொதுவான முறை. ஆனால் மருந்தின் பெயரையும் அளவையும் மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே காட்டி, அவருடைய வாயால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துப் போத்தலையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். சளி, காய்ச்சல், மூச்சிழுப்பு இருந்தாலும், ஆடும் பல் இருந்தாலும் கட்டாயம் சொல்லுங்கள்.

பல இடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே துண்டைக் கொடுத்து, இரவு 12 மணிக்குப் பின் ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். பட்டியலில் கடைசியாக இருக்கும் பிள்ளை நண்பகல்வரை நாக்கு வறண்டு கிடக்கிறது. இது மாற வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன். நீங்களாவது விடுதிக்கு வந்ததும், மகனின் முறை எப்போது, எதுவரை தண்ணீர் கொடுக்கலாம் என்று தாதியிடம் கேளுங்கள்.

கடற்கரைப் பொய் வேண்டவே வேண்டாம். ஏமாற்றப்பட்ட பிள்ளை அடுத்த முறை வைத்தியசாலை வாசலிலேயே அலறும். முகத்தில் ஒரு முகமூடி வைப்பார்கள், ஏதோ மணக்கும், தூக்கம் வரும், கூடாத பற்கள் சிலவற்றை எடுத்திருப்பார்கள், எழும்பிய பிறகு அம்மாவைப் பார்க்கலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். வீட்டில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையை மூக்கின் மேல் வைத்து ஊதி விளையாடிப் பழக்குங்கள். ஊசியே போடமாட்டார்கள் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கொழும்புக்காரரைப் பற்றி: அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை, பட்டியலில் முன்னுக்குத் தள்ளிவிடப் பணம் கேட்பவர் எவராயினும் ஏமாற்றுக்காரரே. தனியாரிடம் அழைத்துப் போகும் தரகர்கள் பல்லுக்கான தொகையை மட்டும் சொல்லி, மயக்க மருந்து வைத்தியருக்கும் சத்திரசிகிச்சைக்கூடத்துக்கும் உரியதை அங்கே போன பிறகுதான் சொல்வார்கள். அதைவிட மோசம், சாதாரணப் பற்சிகிச்சை அறையில் ஒரு பாணியைக் குடிக்கவைத்துத் தூங்கச் செய்கிறோம் என்பவர்கள். மயக்கம் கொடுப்பவர் யார், அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, பிள்ளையின் மூச்சைக் கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மயக்கம் தெளியும்போது மகன் உங்களையே அடையாளம் தெரியாதவன் போலக் கத்தி உதைக்கலாம். பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். எச்சிலில் கொஞ்சம் இரத்தம் கலந்து வருவதும் வழமைதான். நிற்காமல் வடிந்தால், அல்லது வாந்தி தொடர்ந்தால், உடனே திரும்பி வாருங்கள். வீட்டுக்குப் போகும்போது அவனை மோட்டார் சைக்கிளில் இருவருக்கும் நடுவே உட்காரவைக்காதீர்கள். கழுத்துச் சரிந்து மூச்சு அடைபடலாம். முச்சக்கர வண்டியோ வானோ பிடித்து, ஒருவர் அவன் முகத்தைப் பார்த்தபடியே வர வேண்டும்.